முதலில் ஸ்பீக்கரின் முதுகைப் பாருங்கள்!



வீட்டில் நல்லதொரு பாட்டுச் செட் இருக்க வேண்டும் என்பது பல குடும்பங்களின் ஆசை. காலையில் கிராஅத் கேட்க வேண்டும், மாலையில் வானொலிச் செய்தி கேட்க வேண்டும், ஓய்வான பொழுதில் மர்ஹூம் நாகூர் ஈ.எம். ஹனிபா அவர்களின் கம்பீரமான குரலில் நாலு பாட்டுக் கேட்க வேண்டும். ஆசையில் தவறேதும் இல்லை. ஆனால் அதற்காகக் கடைக்குப் போகும்போது நம்மில் பெரும்பாலோர் கேட்கும் முதற் கேள்வி என்ன தெரியுமா?

"இது எத்தனை வாட்?"

கடைக்காரரும் சளைக்காமல் ஒரு பெரிய எண்ணைச் சொல்லுவார். எண் பெரிதாக இருந்தால் செட்டும் பெரிதாகப் பாடும் என்று நம்பிக் காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஸ்பீக்கரோடு அதை இணைக்கிறோம். சில நாளில் அம்பிளிபயர் கொதிக்கிறது, அல்லது ஸ்பீக்கர் கரகரக்கிறது. பிறகு திருத்துகிற கடைக்கும் வீட்டுக்கும் நடைதான் மிச்சம்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. "என் ஸ்பீக்கருக்கு இது பொருந்துமா?" என்பதுதான் அது. அதற்கு விடை கடையில் இல்லை. உங்கள் வீட்டு ஸ்பீக்கரின் முதுகில்தான் எழுதியிருக்கிறது.

மூன்று வாட் சொல்லித் தந்த பாடம்

வாட் என்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களைப் போல் அறிந்தவர்கள் உலகில் குறைவு. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குத் தெற்கிலிருந்து வந்த மின்சாரம் நின்றுபோனது. ஆண்டுக் கணக்கில் வீடுகளில் ஜாம் போத்தல் விளக்குத்தான். டோர்ச் பற்றரி கூடக் கொண்டுவரத் தடை. ஆனாலும் மக்கள் செய்தி கேட்காமல் இருக்கவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் ரேடியோவை இயக்கினார்கள். ஒருவர் சுற்ற, சுற்றியிருந்த பத்துப் பேர் பி.பி.சி. தமிழோசை கேட்டார்கள்.

சைக்கிள் டைனமோ தருவது எவ்வளவு? 6 வோல்ட், 3 வாட். அவ்வளவுதான்! அந்த மூன்று வாட்டிலும் ஒரு பகுதிதான் ஸ்பீக்கருக்குப் போனது. அதிலேயே ஒரு திண்ணை நிறைய இருந்தவர்களுக்குச் செய்தி தெளிவாகக் கேட்டது.

அதற்கும் முந்திய தலைமுறையினர் வால்வு ரேடியோவை நினைத்துப் பார்க்கலாம். வீட்டு ஹோலில் வைத்தால் முற்றம் வரைக்கும் கேட்கும். அந்தப் பெட்டிகள் பெரும்பாலானவற்றின் ஒலிச் சக்தி 3 முதல் 5 வாட்தான். குறைந்த சக்தியை நிறைந்த சத்தமாக மாற்றும் பெரிய காகிதக் கூம்பு ஸ்பீக்கர் உள்ளே இருந்தது. வித்தை வாட்டில் இல்லை, ஸ்பீக்கரில் இருந்தது.

இதை இங்கே எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். வீடு, கடை, கட்டில், அலுமாரி, ரேடியோ எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. புத்தளத்திலும் வேறு ஊர்களிலும் அகதி வாழ்வு வாழ்ந்தவர்களில் ஒரு பகுதியினர், 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்துக்குப் பிறகும் 2009இல் போர் முடிந்த பிறகும் சோனகத் தெருப் பக்கம் திரும்பினார்கள். இடிந்த சுவரை எழுப்பி, கதவு நிலை போட்டு, ஒவ்வொரு சாமானாக மீண்டும் சேர்த்த குடும்பங்கள் இவை. அப்படிச் சேர்க்கும் காசில் ஒரு ரூபாய் கூட வீண் போகக் கூடாது அல்லவா?

முதுகில் உள்ள மூன்று எண்கள்

ஸ்பீக்கர் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். வயர் மாட்டும் இடத்துக்கு அருகில் ஒரு தகடோ ஒட்டியோ இருக்கும். அதில் மூன்று எண்களைத் தேடுங்கள்.

முதலாவது ஓம். 4, 6, 8 என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஸ்பீக்கர் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடையின் அளவு இது.

இரண்டாவது டெசிபல். 84, 87, 90 என்பது போல இருக்கும். ஒரு வாட் சக்தியைக் கொடுத்து, ஒரு மீற்றர் தள்ளி நின்று அளந்தால் எவ்வளவு சத்தம் வரும் என்பதை இது சொல்கிறது. இதை ஸ்பீக்கரின் உணர்திறன் என்பார்கள். தகட்டில் இல்லாவிட்டால் கூட வந்த சிறு புத்தகத்தில் இருக்கும்.

மூன்றாவது வாட். இது ஸ்பீக்கர் தரும் சக்தி அல்ல, தாங்கும் சக்தி. "100 வாட் ஸ்பீக்கர்" என்றால் அது 100 வாட்டுக்குப் பாடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. அதற்கு மேல் கொடுத்தால் தாங்காது என்பதே பொருள்.

இந்த மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

ஓம் பொருந்த வேண்டும்

ஓம் குறைந்தால் அம்பிளிபயரின் சுமை கூடும். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் மோட்டரை நினையுங்கள். குழாயின் வாய் அகலமானால் தண்ணீர் அதிகம் ஓடும், மோட்டரும் கூடுதலாக உழைக்க வேண்டும். அதுபோல 8 ஓம் ஸ்பீக்கரை விட 4 ஓம் ஸ்பீக்கர், அதே வோல்டேஜில் இரண்டு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதைத் தர அம்பிளிபயருக்குத் தெம்பு வேண்டும்.

அம்பிளிபயரின் பின்புறத்திலும் ஓம் அளவு எழுதியிருப்பார்கள். "4 முதல் 16 ஓம்" என்றிருந்தால் 4, 6, 8 எதையும் மாட்டலாம். "8 முதல் 16 ஓம்" என்றிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது. மாட்டினால் மெதுவாக வைத்திருக்கும் வரை பாடும். சத்தத்தைக் கூட்டிய அன்று பியூஸ் போகும். பியூஸ் காப்பாற்றத் தவறினால் உள்ளே டிரான்சிஸ்டர் போகும்.

வீட்டில் அடிக்கடி நடக்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹோலில் இரண்டு ஸ்பீக்கர் இருக்கும். குசினியிலும் கேட்கட்டும் என்று அதே முனைகளில் இன்னும் இரண்டை இழுத்து மாட்டிவிடுவார்கள். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை இப்படிப் பக்கத்துப் பக்கமாக மாட்டினால் அம்பிளிபயருக்குத் தெரிவது 4 ஓம். இரண்டு 4 ஓம் என்றால் 2 ஓம். வீட்டு அம்பிளிபயர்களில் 2 ஓமைத் தாங்குபவை மிக அரிது. சில அம்பிளிபயர்களில் ஏ, பி என்று இரண்டு சோடி ஸ்பீக்கர்களுக்கு இடம் இருக்கும். இரண்டையும் சேர்த்து இயக்கும்போது ஒவ்வொன்றும் எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்று அதன் அருகிலேயே எழுதியிருக்கும். அதை வாசிக்காமல் சுவிட்சைத் திருப்பாதீர்கள்.

தகடு இல்லாத பழைய ஸ்பீக்கரா? மல்டிமீற்றர் வைத்து அளக்கலாம். 8 ஓம் ஸ்பீக்கர் மீற்றரில் ஏறத்தாழ 6 என்றும், 4 ஓம் ஸ்பீக்கர் 3ஐ ஒட்டியும் காட்டும். எழுதியதை விடக் குறைவாகக் காட்டுவது இயல்பே.

உங்களுக்கு எத்தனை வாட் தேவை?

இப்போது டெசிபல் எண்ணுக்கு வருவோம். இரண்டு உண்மைகளை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சக்தியை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குச் சக்தியைப் பத்து மடங்காக்க வேண்டும்.

ஆகவே 50 வாட் செட்டைக் கொடுத்துவிட்டு 100 வாட் செட் வாங்குபவருக்குக் கிடைப்பது வெறும் 3 டெசிபல். அருகில் வைத்துக் கேட்டால் தெரியும், அவ்வளவே. அதற்கா இவ்வளவு காசு?

ஒரு கணக்குப் பார்ப்போம். உங்கள் ஸ்பீக்கர் 87 டெசிபல். ஹோலில் மூன்று மீற்றர் தள்ளி உட்கார்ந்து கேட்கிறீர்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒவ்வொரு வாட் கொடுத்தால் உங்கள் காதில் ஏறத்தாழ 80 டெசிபல் விழும். நிதானமாகப் பாட்டுக் கேட்க 75 டெசிபல் போதும். அதற்கு அரை வாட் கூட வேண்டாம்! ஆனால் குரல் திடீரென உயரும்போதும் தபேலா அடி விழும்போதும் ஒரு நொடிக்கு அதைவிட 15 டெசிபல் வரை கூடும். அந்த நொடிக்கு முப்பது மடங்கு சக்தி வேண்டும். அதாவது சுமார் 10 வாட்.

இதே ஹோலில், இதே சத்தத்துக்கு 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 5 வாட் போதும். 84 என்றால் 20 வாட் வேண்டும். 81 என்றால் 40 வாட் வேண்டும். ஸ்பீக்கரில் உள்ள ஒரு சிறிய எண் அம்பிளிபயரின் விலையை எப்படித் தீர்மானிக்கிறது, பார்த்தீர்களா? சின்னப் பெட்டி ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் உணர்திறன் குறைந்தவை. பார்க்கச் சிறிதாக இருக்கிறதே என்று சிறிய அம்பிளிபயரை மாட்டினால் திணறும். பெரிய பெட்டி பெரிய சக்தி கேட்கும் என்று எண்ணுவதும் பல வேளைகளில் பிழை.

நமது ஊர் வீட்டு ஹோல் ஒன்றுக்கு, 86 முதல் 90 டெசிபல் வரையுள்ள ஸ்பீக்கருக்கு, ஒரு பக்கத்துக்கு 30 முதல் 50 உண்மையான வாட் தரும் அம்பிளிபயர் தாராளம்.

பெட்டியில் அச்சடித்த ஆயிரம் வாட்

"உண்மையான வாட்" என்று ஏன் அழுத்திச் சொல்கிறோம்? சில பெட்டிகளில் 1000, 2000 என்று கொட்டை எழுத்தில் போட்டு, அருகில் பி.எம்.பி.ஓ. என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது கண நேர உச்சத்தைப் பெருக்கி எழுதும் விளம்பரக் கணக்கு. அதற்குப் பொதுவான அளவுமுறை கிடையாது. நீங்கள் தேட வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட். "ஒரு சனலுக்கு, 8 ஓமில், இத்தனை வாட்" என்று எழுதியிருந்தால்தான் அது பேச்சு.

உண்மையைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. செட்டின் பின்னால் உள்ள பியூஸைப் பாருங்கள். நமது மின்சாரம் 230 வோல்ட். பியூஸ் 1 ஆம்பியர் என்றால், செட் தொடர்ந்து இழுக்கக்கூடியது ஏறத்தாழ 230 வாட்தான். அதிலும் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். பழைய முறையில் செய்த அம்பிளிபயர்களில் ஏறத்தாழ பாதி இப்படிப் போகும். 230 வாட் உள்ளே போய் 2000 வாட் வெளியே வருமா? சிறு பிள்ளையும் சிரிக்கும்.

சிறிய அம்பிளிபயரும் ஸ்பீக்கரை எரிக்கும்

"என் ஸ்பீக்கர் 100 வாட் தாங்கும். அம்பிளிபயர் 15 வாட்தான். எப்படி எரிந்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. காரணம் இதுதான். சக்தி போதாத அம்பிளிபயரை முழுதாகத் திருப்பினால், ஒலி அலையின் உச்சிகள் கத்தியால் சீவியது போல வெட்டுப்படும். அப்படி வெட்டுப்பட்ட அலையில் கூரிய ஒலிகள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும். அவை நேராகப் போய்ச் சேர்வது கீச்சுக் குரலைத் தரும் சின்ன ட்வீட்டருக்கு. அதன் கம்பிச் சுருள் தலைமயிர் போல மெல்லியது. சூடேறி அறுந்துவிடும்.

ஆகவே கொஞ்சம் கூடுதலான சக்தியுள்ள அம்பிளிபயரை நிதானமாகப் பாவிப்பதே பாதுகாப்பு. குரல் கரகரப்பாகவும் கூசுவதாகவும் கேட்கத் தொடங்கினால் உடனே சத்தத்தைக் குறையுங்கள். அது அம்பிளிபயர் விடும் எச்சரிக்கை.

கடல் கடந்து வந்த செட்

மகனோ மருமகனோ வெளிநாட்டிலிருந்து அன்போடு கொண்டுவந்த செட்டாக இருக்கலாம். ஜப்பானில் பாவித்த பயனியர், சன்சுயி, கென்வுட் அம்பிளிபயராக இருக்கலாம். நல்ல சாமான்கள்தான். ஆனால் பிளக்கைச் செருகுமுன் பின்புறத் தகட்டைப் படியுங்கள். ஜப்பான் நாட்டுப் பாவனைக்குச் செய்த செட் 100 வோல்ட்டுக்கு உரியது. நமது 230 வோல்ட்டில் நேரே செருகினால் கண் மூடித் திறக்குமுன் புகை வரும். சவூதியில் நீண்ட காலமாக வீடுகளுக்கு 127 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் மின்சாரமே கொடுக்கப்பட்டு வந்தது. அங்கிருந்து வந்த பழைய செட்டுகள் பலவற்றின் பின்னால் வோல்டேஜ் மாற்றும் சிறு திருகி இருக்கும். அதை 220 அல்லது 240க்குத் திருப்பிய பிறகே செருக வேண்டும்.

திருகி இல்லாவிட்டால் 230இலிருந்து இறக்கித் தரும் டிரான்ஸ்போமர் தேவை. செட் இழுக்கும் வாட்டை விட அது பெரியதாக இருக்க வேண்டும். தகட்டில் 50/60 ஹேர்ட்ஸ் என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 60 மட்டும் என்றால் நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் உள்ளே இருக்கும் டிரான்ஸ்போமர் சூடேறும். டிரான்ஸ்போமரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த பிறகு "மலிவு" என்று சொல்லுங்கள்.

பள்ளிவாசல் அம்பிளிபயரை வீட்டில் பாவிக்கலாமா?

பள்ளிவாசலில் அல்லது சங்கத்தில் பாவித்துக் கழித்த அம்பிளிபயர் மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் வாங்குவார்கள். அது செய்யும் வேலை வேறு. தொலைவிலுள்ள பல ஹோர்ன்களுக்கு நீண்ட வயரில் ஒலியை அனுப்ப அதில் 100 வோல்ட் முனை ஒன்று உண்டு. அங்கே மாட்டும் ஒவ்வொரு ஹோர்னோடும் ஒரு சிறு டிரான்ஸ்போமர் இருக்கும். அந்த முனையில் வீட்டு 8 ஓம் ஸ்பீக்கரை நேரே மாட்டினால் கணக்குப்படி 1250 வாட் சுமை! ஸ்பீக்கரும் மிஞ்சாது, அம்பிளிபயரும் மிஞ்சாது. 8 ஓம் முனையில் மாட்டலாம்தான். ஆனால் அது பேச்சுக் குரல் தெளிவாகக் கேட்கச் செய்த கருவி. பெரும்பாலும் ஒரே சனல்தான் இருக்கும். வீட்டு ஹோலில் இனிமையை எதிர்பார்க்க முடியாது.

கல் வீடும் உப்புக் காற்றும்

குடாநாட்டில் எங்கே நின்றாலும் கடல் வெகு தொலைவில் இல்லை. உப்புக் காற்றில் ஸ்பீக்கர் முனைகள் பச்சை பிடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செட்டை நிறுத்திவிட்டு, வயர் நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டுங்கள். பாவித்த ஸ்பீக்கர் வாங்கும்போது கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஸ்பஞ்ச் விளிம்பானால் நமது சூட்டிலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். றப்பர் விளிம்பு நீடிக்கும்.

சீமெந்துச் சுவரும் டைல்ஸ் தரையும் ஒலியைத் திருப்பி அடிக்கும். சொற்கள் ஒன்றோடொன்று கலந்து கேட்கும். அதற்கு வாட்டைக் கூட்டுவது மருந்தல்ல. தரையில் ஒரு கம்பளமோ பாயோ விரியுங்கள். சன்னலுக்குத் தடித்த சீலை போடுங்கள். ஸ்பீக்கரை மூலையிலிருந்து ஒரு முழம் வெளியே இழுத்து, காது உயரத்தில் வையுங்கள். இதற்குச் செலவு மிகக் குறைவு, பலன் அதிகம்.

ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலின்போது சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பிளக்கையும் அன்டனா வயரையும் கழற்றிவிடுங்கள்.

வாங்குமுன் நினைவில் கொள்ளுங்கள்

1. ஸ்பீக்கரின் ஓம், டெசிபல், வாட் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள்.
2. அம்பிளிபயர் தாங்கும் ஓம் அளவுக்குள் உங்கள் ஸ்பீக்கர் அடங்க வேண்டும்.
3. ஆர்.எம்.எஸ். வாட்டை மட்டும் கேளுங்கள். பியூஸைப் பார்த்துச் சரிபாருங்கள்.
4. பின்புறத் தகட்டில் 230 அல்லது 220–240 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.
5. முடிந்தால் உங்கள் ஸ்பீக்கரையே கடைக்குக் கொண்டுபோய், உங்களுக்குப் பழக்கமான குரலைப் போட்டுக் கேளுங்கள். கால் மணி நேரம் பாடிய பின் அம்பிளிபயரின் மேல் கை வையுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாவிட்டால் வேண்டாம்.
6. மாட்டும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பக்கம் மாறினால் அடித்தொனி மெலிந்துவிடும்.
7. வயர் தடித்த செப்பு வயராக இருக்கட்டும். அழைப்பு மணிக்குப் போடும் மெல்லிய வயர் சக்தியைத் தின்னும்.

கடைசியாக ஒன்று. பொருத்தமான சோடியின் சிறப்பு உரத்த சத்தத்தில் இல்லை. மெதுவாக வைத்தாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்பதுதான் அதன் சிறப்பு. ஹோலின் மூலையில் கதிரையில் இருக்கும் உம்மாவுக்கு, ஓதுபவரின் உச்சரிப்பு ஓர் எழுத்துப் பிசகாமல் கேட்க வேண்டும். சுவரோடு சுவராக இருக்கும் பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அது கேட்கவே கூடாது. அண்டை வீட்டாருக்கு நாம் செய்ய வேண்டிய கடமையை இங்கே விளக்கத் தேவையில்லை. சரியான அம்பிளிபயரை வாங்கினால் அந்தக் கடமையைச் செய்வதும் எளிதாகும்.

ஆகவே இன்றே எழுந்து போய், தூசியைத் தட்டி, உங்கள் ஸ்பீக்கரின் முதுகைப் பாருங்கள்!